பொருள்: தங்கவயல் தொடர்பாக

கல்லூரிகளில் இப்போது எழுதுவதற்கென்றே ஒரு வகுப்பு வந்துவிட்டது. மேலே ‘திறன் மேம்பாடு’ என்று ஒரு பலகை, கீழே இரண்டு கிரெடிட். அதில் ஓர் அலகின் பெயர், வகைமை மரபுகளை அடையாளம் காணுதல். ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அது அறிக்கையா, மனுவா, விமர்சனமா, விளம்பரமா என்று மாணவன் மோந்து பார்த்தே சொல்லிவிட வேண்டும். அறிக்கை என்றால் ‘நான்’ வரக் கூடாது. மனு என்றால் ‘பணிவுடன்’ வந்தே தீர வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் கோபம் வரக் கூடாது. வந்தால் மதிப்பெண் போய்விடும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பாலோடு சேர்த்துப் புகட்டப்பட்டதுதான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை இல்லாமல் நாம் பசுமாட்டைப் பற்றிக்கூட எழுதியதில்லை. மீசை முளைக்கும் முன்பே அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று வரிசை பிசகாமல் எழுதி, ஒரே பாட்டியை மூன்று முறை சாகடித்து விடுப்பு வாங்கிய இனம் நாம். இன்னும் பின்னால் போனால், பிள்ளைத்தமிழுக்கு எத்தனை பருவம், பரணி பாட எத்தனை யானை சாக வேண்டும் என்று கணக்கு வைத்துப் பாட்டியல் எழுதிய முன்னோர்கள் இருக்கிறார்கள். ஆகவே வகுப்பின் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அதில் தரப்படும் எடுத்துக்காட்டுகளின் மேல்தான். வாங்கிய மிக்சி ஓடவில்லை என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல், ஓட்டலில் சாம்பார் சூடாக இல்லை என்று ஒரு விமர்சனம், எங்கோ ஓர் ஊரின் ஆய்வக அறிக்கை. இதைப் படித்து எந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

இதற்கு மேலான எடுத்துக்காட்டு கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் கொட்டிக் கிடக்கிறது. கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த ஊரின் மேல் கைவைக்காத வகைமை ஒன்றுகூட இல்லை. கண்டுபிடிப்புக் குறிப்பு, விஞ்ஞானக் கட்டுரை, மருத்துவப் பாடநூல், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, தேர்தல் அறிக்கை, ஞாயிறு மலர்க் கட்டுரை, பல கோடிச் சினிமா என்று அத்தனையும் இந்த மண்ணைத் தோண்டியிருக்கின்றன. சுரங்கம் 2001-இலேயே மூடியாகிவிட்டது. எழுத்துக்காரர்களின் தோண்டல் மட்டும் நின்றபாடில்லை. வகுப்பை மாரிக்குப்பத்தில் காலையில் கிளம்பும் பெங்களூர் ரயிலில் நடத்தினால் வசதி. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையமும் ஏற்றிவிடும் கூட்டத்தில் மாணவர்களும் இருக்கிறார்கள், பாடமும் இருக்கிறது. உட்கார இடம்தான் இருக்காது.

முதலில் கண்டுபிடிப்புக் குறிப்பு. திப்பு விழுந்த பிறகு மைசூரின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், உரிகம் பக்கத்தில் மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்படுகிறார். ஊர்க்காரர்கள் மாட்டுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே கழுவி, அடியில் தங்கிய பொடியைக் காட்டுகிறார்கள். அவர் எழுதுகிறார். 1804-இல் அது அச்சாகிறது. அறுபத்தேழு ஆண்டுக்குப் பிறகு அந்தக் குறிப்பைப் படித்த மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவேல் என்னும் ஐரிஷ் சிப்பாய் மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறார். 1875-இல் உரிமம் வாங்குகிறார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வருகிறது. இந்த வகைமையின் மரபு எளியது. தங்கத்தைக் காட்டியவன் பெயர் வராது, பார்த்தவன் பெயர்தான் வரும். கையில் தங்கப்பொடியை வைத்துக்கொண்டு நிற்கும் ஊர்க்காரன் எதையும் கண்டுபிடித்தவன் ஆகமாட்டான், ஏனென்றால் அவன் அதைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதவில்லை. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இது போதும்.

அடுத்து மண்ணுக்குக் கீழே இறங்குவோம். உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று சாம்பியன் ரீஃப். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அத்தனை பாறை தலைக்கு மேல் இருந்தால் விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களெல்லாம் வடிகட்டப்பட்டு நியூட்ரினோவைப் பிடிக்கலாம் என்று டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளைக் கீழே இறக்கினார்கள். 1965-இல், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டல நியூட்ரினோவின் தடம் பதிவானது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவிலும் பதிவானது. அங்கேயும் ஒரு தங்கச் சுரங்கம்தான், அங்கேயும் கறுத்த உடம்புகள் வெட்டிய குழிதான். விஞ்ஞானிகளின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அது பெரிய சாதனை. ஆனால் அந்த வகைமையில் ஆழம் என்பது ஓர் எண். இத்தனை மீட்டர் பாறை, இத்தனை மீட்டர் தண்ணீருக்குச் சமம், அவ்வளவே. அந்த எண் எப்படிக் கிடைத்தது, யார் வெட்டினார்கள், பாறை வெடித்து விழுந்த நாட்களில் கேஜ் என்னும் தூக்குக் கூண்டில் மேலே வந்தது எத்தனை பேர் என்பதற்கு ஆய்வுக் கட்டுரையில் பத்தி கிடையாது. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவு இலேசான துகளை எண்ணத் தெரிந்த வகைமை அது.

மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சமூக மருத்துவப் பாடநூலிலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. இந்தியாவில், கல்தூசி நுரையீரலை அடைக்கும் சிலிக்கோசிஸ் நோய் முதன்முதலில் அறிவிக்கப்பட்ட இடம் கோலார் தங்கச் சுரங்கம், ஆண்டு 1947. ஒரு மதிப்பெண் வினா. நாடு விடுதலைக் காற்றை இழுத்துவிட்ட ஆண்டிலேதான் இவர்கள் நெஞ்சுக்குள் அடைந்த கல்தூசிக்கு ஒரு வரி கிடைத்தது. முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 1947 என்றால், அதற்கு முந்தைய அறுபத்தேழு ஆண்டுகளும் இவர்கள் ரோஜாப்பூவையா மோந்துகொண்டிருந்தார்கள்? பாடநூல் இந்தக் கேள்வியைக் கேட்காது. பாடநூலின் மரபு அது, எது முதல் என்று சொல்லும், எத்தனை தாமதம் என்று சொல்லாது.

இப்போது ஞாயிறு மலர்க் கட்டுரைக்கு வருவோம். இதில்தான் சற்று நின்று நிதானிக்க வேண்டும். இதைப் போல வாய்ப்பாடு கறாரான வகைமை சங்க இலக்கியத்திலும் இல்லை.

முதல் வரி ‘ஒரு காலத்தில்’ என்றே தொடங்க வேண்டும். பிறகு ‘மினி இங்கிலாந்து’. இது வராத தங்கவயல் கட்டுரையை எந்த ஆசிரியரும் அச்சுக்கு அனுப்ப மாட்டார். அடுத்து கிளப், கோல்ஃப் மைதானம், ஓட்டுக்கூரை பங்களா, மாலை நேரத்து நடனம். அதை ஒட்டி, சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த பெருமை. பெங்களூர் இருட்டில் கிடந்தபோது தங்கவயல் ஜொலித்தது. ஜொலித்தது எது என்று யாரும் கேட்பதில்லை. அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்தின் எந்திரங்களுக்காக. மூங்கில் தட்டியைச் சுவராக நிறுத்திக் குடிசை என்று பெயர் வைத்துக் கூலிக்காரர்களைக் குடியேற்றினார்களே, அந்தத் தட்டிக் குடிசைகளுக்காக எவனும் காவேரியிலிருந்து கம்பி இழுக்கவில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, ஊரில் சேரி என்று ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே ‘லைன்’ என்று வரிசை கட்டி ஒதுக்கப்பட்டார்கள். கட்டுரையில் அவர்கள் வருவார்கள். படத்துக்குக் கீழே, ‘ஒரு முன்னாள் தொழிலாளி’ என்று.

நடுவில் ஒரு ‘ஆனால் இன்று’. இது திருப்பம். அதற்குப் பின் துருப்பிடித்த ஷாஃப்ட், புதர் மண்டிய பங்களா, சயனைடு மேட்டின் மேல் அந்தி வெயில். கடைசியில் தலைப்பு: ‘பேய் நகரம்’. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊர் இது. ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் ஒரு சாயங்காலம் நடந்தால் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அப்படியானால் அந்த ஒன்றரை லட்சம் பேரும் பேய்களா? ஆமாம், கட்டுரையாளரைப் பொறுத்தவரை அப்படித்தான். வெள்ளைக்காரன் போனதும் ஊர் செத்துவிட்டது. மிச்சம் இருப்பவர்கள் நிழல்கள்.

தங்கவயலில் ஸ்கெலட்டன் என்றே ஓர் இடம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வாடகைக் கார் எடுத்து வரும் நிருபருக்கு இந்தப் பெயர்ப் பலகை கண்ணில் பட்டால் போதும், வந்த வேலை பாதி முடிந்தது. ‘எலும்புக்கூடாகிப் போன தங்கபூமி’ என்று தலைப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வீடுகளுக்குள் குக்கர் விசில் அடிப்பதும், பிள்ளை கணக்குப் பாடத்துக்கு அழுவதும், ஐந்து மணி ரயிலைப் பிடிக்க யாரோ அலாரம் வைப்பதும் அவர் காதில் விழாது. விழுந்தால் எலும்புக்கூடு எழுந்து நடந்துவிடும், தலைப்பு போய்விடும். பெயரைப் பார்த்ததும் கட்டுரையை முடித்துக்கொள்கிற இந்த ஆட்கள்தான் ஆண்டுதோறும் வந்து ‘மறக்கப்பட்ட ஊர்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். மறந்தவர் யார் என்று கேட்டால் வண்டிக்கு நேரமாகிவிடும்.

சினிமா இன்னும் ஒரு படி மேலே. 2018 டிசம்பரிலும் 2022 ஏப்ரலிலும் இரண்டு பாகங்களாக வந்த கே.ஜி.எஃப். படம், ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு ஊரை விட்டுவிட்டது. இது பரணி என்னும் வகைமை. போரில் ஆயிரம் யானையைச் சாய்த்தவனுக்குத்தான் பரணி பாடலாம் என்பது பழைய விதி. புதிய விதிப்படி ஒரு சுத்தியலும் ஒரு துப்பாக்கியும் பின்னணி இசையும் போதும். பரணியில் போர்க்களத்துப் பிணங்களுக்குப் பெயர் கிடையாது, கூழ் காய்ச்சும் பேய்களுக்குத்தான் வசனம். இந்தப் படத்தின் சுரங்கத்தில் இருப்பவர்கள் அடிமைகள். சங்கிலியும் சாட்டையும் புழுதியும்தான் அவர்கள் வாழ்க்கை. வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, வேலைநிறுத்தம் கிடையாது, நூலகம் கிடையாது, பத்திரிகை கிடையாது. இருந்திருந்தால் மும்பையிலிருந்து கதாநாயகன் வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது. சுரங்கக்காரன் பேசத் தொடங்கினால் நட்சத்திரத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதுதான் அந்த வகைமையின் பொருளாதாரம்.

2024 ஆகஸ்டில் வந்த ‘தங்கலான்’ படம் அந்த விதியை உடைக்கப் பார்த்தது. மந்திரமும் மாயமும் கொஞ்சம் தூக்கலாகிப் போனது உண்மை. ஆனாலும் கடப்பாரை யார் கையில் இருந்தது, நிலம் யாரிடமிருந்து போனது, அவர்கள் சாதி என்ன என்பதை அது மறைக்கவில்லை. அதற்கே விமர்சகர்கள் ‘திரைக்கதை தெளிவில்லை’ என்று தீர்ப்பு எழுதினார்கள். திரை விமர்சனமும் ஒரு வகைமைதான். அதன் மரபுகளைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை முடியாது.

இனி அரசாங்கம். சுரங்கம் 1956-இல் மைசூர் அரசின் கைக்கு வந்தது, 1962-இல் மத்திய அரசுக்குப் போனது, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் ஆனது. பாரதத்தின் பெயரை வைத்தால் பாரதம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். 1985-இல் நலிவுற்ற நிறுவனங்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்த வாரியம் கம்பெனியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, இது தேறாது என்று 2000-இல் சொல்லிவிட்டது. தொழில் தகராறுச் சட்டத்தில் அனுமதி வாங்கி, 2001 மார்ச் முதல் தேதியிலிருந்து சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை வெளியே தள்ளிவிட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் முன்னாள் ஆனார்கள். கவனியுங்கள், கம்பெனிக்கு நோய் என்று சான்றிதழ் கொடுக்க ஒரு வாரியமே உட்கார்ந்தது. கல்தூசி தின்ற நெஞ்சோடு இருமிக்கொண்டு நின்றவனுக்கு ‘டி.பி.யாக இருக்கலாம்’ என்று மாத்திரைச் சீட்டுதான். காகிதக் கம்பெனியின் நோய் உண்மையான நோய், மனிதனின் நோய் சந்தேகத்துக்குரியது.

அரசாணை என்னும் வகைமையின் உயிர் அதன் வினைச்சொல்லில் இருக்கிறது. மூடப்பட்டது. முடிவெடுக்கப்பட்டது. பரிசீலிக்கப்படும். உரிய நடவடிக்கை எடுக்கப்படும். யார் மூடினார், யார் முடிவெடுத்தார், யார் பரிசீலிப்பார் என்று வாக்கியத்துக்குள் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஆள் கிடைக்காது. சாம்பியன் ரீஃபின் மூன்று கிலோமீட்டரில்கூட ஏதோ கிடைத்தது. இந்த வாக்கியத்தில் ஒன்றும் கிடைக்காது. எழுத்து வகுப்பில் ஆசிரியர் இதைத்தான் ‘புறவயமான நடை’ என்று கரும்பலகையில் எழுதி, மாணவர்களை அதைப் போல எழுதப் பழக்குகிறார்.

தேர்தல் அறிக்கையைப் பற்றி ஒரே வரி: ‘சுரங்கத்தைத் திறப்போம்.’ எந்தக் கொடியானாலும் இந்த வரி மாறுவதில்லை. அதிமுகவுக்கும் இந்தியக் குடியரசுக் கட்சிக்கும் கர்நாடகத்தில் எம்.எல்.ஏ. கொடுத்த தொகுதி இது.

திறந்தார்களா? 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒரு சம்மதம் கொடுத்தது. திறப்பது சுரங்கத்தை இல்லை, பதின்மூன்று கழிவு மேடுகளை. ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தில், மூன்று கோடி டன்னுக்கும் மேலான மண். தங்கத்தை உறிஞ்சிய பிறகு சயனைடோடு சேர்த்து வெளியே கொட்டிய சக்கை அது. அதற்குள்ளும் இன்னும் டன் கணக்கில் தங்கம் மிச்சம் இருக்கிறதாம், ஏலம் விட வேண்டுமாம். காற்றுக்காலத்தில் அந்த மேடுகளிலிருந்து பறக்கும் தூசியைச் சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்தவர்கள் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களின் நுரையீரலையும் ஏலத்தில் சேர்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் தங்கம் தேறும். கணக்கில் கச்சிதமான அரசாங்கம் இதை எப்படி விட்டுவிட்டது என்று தெரியவில்லை.

இத்தனை வகைமைகளும் தங்கவயலைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. தங்கவயல்காரனுக்கென்று ஒதுக்கப்பட்ட வகைமை ஒன்றே ஒன்று, மனு. மனு கன்னடத்தில், பதில் ஆங்கிலத்தில், திட்டு மட்டும் தாய்மொழியில் என்று அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மனுவின் மரபில் கோரிக்கை எவ்வளவு நியாயமோ அவ்வளவு குனிய வேண்டும். ‘கருணை கூர்ந்து’ என்று எழுத வேண்டும். சம்பள பாக்கிக்குக் கருணை, குடியிருக்கும் வீட்டுக்குப் பத்திரம் கேட்கக் கருணை. உரிமையைப் பிச்சையாக மாற்றித் தரும் எந்திரம்தான் மனு. எழுத்து வகுப்பில் மனுவுக்கு ஐந்து மதிப்பெண். அதில் ‘பணிவுடன்’ என்ற சொல்லுக்கு ஒன்று.

இந்த ஊரிலேயே பிறந்த ஒருவர் இந்த எந்திரத்தை எப்படி உடைத்தார் என்பதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தராது. பெஜவாடா வில்சன். மனித மலம் அள்ளும் வேலைக்குத் தள்ளப்பட்ட தெலுங்குக் குடும்பத்தில் 1966-இல் பிறந்தவர். கம்பெனி நகரியத்தில் இருந்த உலர் கழிப்பிடங்களைத் தலைமுறையாகச் சுத்தம் செய்தவர்கள் அவர் வீட்டார். பரணி பாடும் சினிமாவிலும் மினி இங்கிலாந்துக் கட்டுரையிலும் இந்தக் கழிப்பிடங்களுக்கு இடமே கிடையாது. இங்கிலாந்தில் எல்லோரும் மல்லிகைப்பூதான் கழித்தார்கள் போலிருக்கிறது. 1986 முதல் வில்சன் கடிதம் கடிதமாக எழுதினார். கம்பெனி அதிகாரிகளுக்கு எழுதினார், அமைச்சர்களுக்கு எழுதினார், பிரதமருக்கே எழுதினார். பெரும்பாலும் பதில் இல்லை. 1993-இல் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதன் பிறகு அவர் செய்ததுதான் எழுத்துப் பாடம். கழிப்பிடங்களையும் அங்கே வேலை செய்தவர்களையும் படம் எடுத்தார். படங்களோடு சட்டத்தின் நகலையும் வைத்து, வழக்குப் போடுவேன் என்று கம்பெனித் தலைமைக்கு அனுப்பினார். உடனே அவசரக் கூட்டம். கழிப்பிடங்கள் மாற்றப்பட்டன, அள்ளியவர்களுக்கு வேறு வேலை தரப்பட்டது. விஷயம் அதே விஷயம்தான். ஆண்டுக்கணக்காகக் ‘கருணை கூர்ந்து’ என்றபோது கேட்காத காது, ‘வழக்கு’ என்றதும் நிமிர்ந்தது. 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். பாராட்டு விழாவும் ஒரு வகைமை, அதில் அவர் ‘எளிமையானவர்’, ‘சாதனையாளர்’. அவர் யாரை மிரட்ட வேண்டியிருந்தது என்பதை விழா மேடையில் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

வகைமையைத் தெரிந்துகொள்வது என்றால் இதுதான். எதில் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும், எதில் எழுதினால் நாற்காலி ஆடும் என்று தெரிவது. கல்லூரி சொல்லித்தருவது இதில் முதல் பாதி மட்டும்.

இது தங்கவயலுக்குப் புதிதும் இல்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கியபோது அதைப் படித்துத் தோள் கொடுத்தவர்களில் மாரிக்குப்பத்துக்காரர்களும் சாம்பியன் ரீஃப்காரர்களும் உண்டு. சரித்திரம் என்னும் வகைமை மேல்சாதிக்காரனுக்கும் வெள்ளைக்காரனுக்கும் மட்டுமே சொந்தம் என்றிருந்த காலத்தில் ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்று தலைப்பு வைத்து எழுதியவர் அவர். அவருடைய பண்டிதத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் எவன் சரித்திரம் எழுதலாம் என்ற விதியை அவர் தூக்கி எறிந்தார், அதற்குக் கேள்வி இல்லை. 1914-இல் அவர் மறைந்து, பத்திரிகையும் தடுமாறி நின்ற பிறகு, 1926-இல் ‘தமிழ’னுக்கு மீண்டும் உயிர் வந்த இடம் எது தெரியுமா? கோலார் தங்கவயல். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்தா புத்தகசாலை என்று பதிப்பகமும் இங்கே இருந்தது. ஷிஃப்ட் முடித்துக் கேஜில் ஏறி வந்தவர்கள், குளித்துவிட்டு உட்கார்ந்து பௌத்தம் பேசினார்கள், வாதம் செய்தார்கள், அச்சில் வந்ததைப் படித்துக் காட்டினார்கள்.

அதே தங்கவயலில், 1930-இல், வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்றது கம்பெனி. ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கம்பெனிக்குத் தெரிந்த தொழிலாளி வகைமை அது ஒன்றுதான், விரல் நுனி மை. திருடுவான், ஓடுவான், வேறு பெயரில் திரும்ப வருவான், ஆகவே ரேகையை எடுத்து வை. எந்த விரல்களின் ரேகையைக் கேட்டார்களோ, அந்த விரல்களே ‘தமிழ’னின் பக்கங்களைப் புரட்டின என்பதைக் கம்பெனியின் பதிவேடு அறியவில்லை. எங்கள் வரலாற்றில் எழுத்து வகுப்பு என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதற்குக் கிரெடிட் கிடையாது, காவல் துறையின் கண்காணிப்புதான் உண்டு.

இப்படிப்பட்ட ஊரின் பேரப்பிள்ளைகளைக் கல்லூரியில் உட்காரவைத்து, ‘அறிக்கையில் உணர்ச்சி கூடாது’ என்று சொல்லித்தருகிறார்கள். யாருடைய வசதிக்கு? பாறை விழுந்து செத்தவனைப் பற்றிய அறிக்கையில் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? செத்தவனின் மகளுக்கா, சுரங்க மேலாளருக்கா? மரபு என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தூக்கத்துக்குப் போட்ட மெத்தை. அந்தப் பிள்ளை படித்து முடித்து, மாரிக்குப்பம் ரயிலேறிப் பெங்களூர் போய், ஏதோ ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுதும் வேலையில் உட்காரும். ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று நாளெல்லாம் தட்டும். அதற்குத்தான் வகுப்பு. நன்றாகத் தட்டினால் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை.

இந்தக் கட்டுரைக்கும் ஒரு வகைமை இருக்கிறது. அங்கதம். படித்துச் சிரித்து, ‘சரியாகச் சொன்னான்’ என்று தொடையில் தட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது அதன் மரபு. அப்படிப் புரட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எழுத்து வகுப்புக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம்தான் பேச்சு.

ஐயா, அம்மா, மிக்சியை விடுங்கள். அடுத்த செமஸ்டரில் பிள்ளைகளுக்கு இரண்டு தாள் கொடுங்கள். ஒன்று, கழிவு மேடுகளை ஏலம் விடும் அறிவிப்பு. இன்னொன்று, அந்த மேட்டுக்குக் கீழே லைன் வீட்டில் இருக்கும் யாராவது ஒரு பெரியவர் சொல்லச் சொல்லப் பிள்ளையே எழுதிக்கொண்டு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, முதல் தாளில் ‘செய்தவர்’ என்று ஒருவராவது இருக்கிறாரா, இரண்டாம் தாளில் ‘கருணை கூர்ந்து’ என்று எத்தனை முறை வந்திருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது தாளை அடித்துத் திருத்தாதீர்கள். ‘நான்’ வந்தாலும் கோபம் வந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். முன்னுரை இல்லையென்றாலும் பரவாயில்லை. அந்தப் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆகையால் அடுத்த கல்வியாண்டு வரை தள்ளிப்போடாதீர்கள்.